மெம்பிஸ் பெல்லின் முகப்பு ஓவியம்: ஒரு படத்தின் மூலத்தைத் தேடி

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டேட்டன் நகரை ஒட்டியுள்ள வான்படையின் தேசிய அருங்காட்சியகத்தில், 41-24485 என்ற வரிசை எண் கொண்ட பி-17எஃப் ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று நிற்கிறது. எண்ணைச் சொன்னால் வல்லுநர்களுக்கு மட்டும்தான் தெரியும். மெம்பிஸ் பெல் என்றால் விமானங்களைப் பற்றி அதிகம் அறியாதவர்களும் தலையாட்டுவார்கள். விமானி அறைக்குக் கீழே, மூக்குப் பகுதியின் இரு பக்கங்களிலும் நீச்சலுடை அணிந்த ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. இடப்பக்கத்தில் அவள் உடை நீலம், வலப்பக்கத்தில் சிவப்பு. அருகே, முடித்த தாக்குதல் பயணங்களுக்கு அடையாளமாக 25 குண்டுகளும், வீழ்த்தியதாக உரிமை கோரப்பட்ட எதிரி விமானங்களுக்கு அடையாளமாக 8 ஸ்வஸ்திகாக்களும் தீட்டப்பட்டுள்ளன.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு விமானங்களில் இருந்த ஆயிரக்கணக்கான முகப்பு ஓவியங்களுள், இந்த ஒன்றைப் பற்றித்தான் மிக அதிகமாக எழுதப்பட்டிருக்கிறது. அப்படி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரு காதல் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்: விமானிக்கு மெம்பிஸ் நகரில் ஒரு காதலி இருந்தாள், அவள் நினைவாகப் பெயரும் படமும் வந்தன என்பார்கள். இக்கதையில் பொய் இல்லை, ஆனால் அது பாதிக்கும் குறைவான உண்மை. பெயர் ஒரு வழியாகவும், படம் இன்னொரு வழியாகவும், அதைத் தகரத்தில் ஏற்றிய கை மூன்றாவது வழியாகவும் வந்து அந்த மூக்கில் சந்தித்தன. ஒவ்வொரு வழியையும் தனித்தனியே பின்னோக்கிச் சென்று பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

பெயர் வந்த வழி

விமானத்தைச் சியாட்டிலில் போயிங் நிறுவனம் கட்டியது. 1942 ஜூலை நடுவில் அது ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது; செப்டம்பர் இறுதியில் அட்லாண்டிக்கைக் கடந்து பிரிட்டனை அடைந்து, அக்டோபரில் கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள பாசிங்போர்ன் தளத்தில் 91ஆவது குண்டுவீச்சுப் பிரிவின் 324ஆவது ஸ்குவாட்ரனோடு நிலைகொண்டது. அதன் தலைமை விமானி ராபர்ட் மார்கன், வட கரோலினாவின் ஆஷ்வில் நகரத்தவர். வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலாவில் பயிற்சி பெற்றுவந்தபோது, அங்கே தன் அக்காள் வீட்டுக்கு வந்திருந்த மார்கரெட் போல்க் என்ற மெம்பிஸ் நகரப் பெண்ணை அவர் சந்தித்தார். பிறகு இருவருக்கும் திருமணம் நிச்சயமானது.

மார்கன் முதலில் விமானத்துக்கு வைக்க நினைத்த பெயர் 'லிட்டில் ஒன்'. மார்கரெட்டை அவர் செல்லமாக அழைத்த பெயர் அது. 'குட்டி' என்று நாம் சொல்வதைப் போல வைத்துக்கொள்ளலாம். நான்கு எஞ்சின்கள் பூட்டி 10 பேரை ஏற்றிச் செல்லும் இயந்திரத்துக்கு அந்தப் பெயர் பொருந்தியிருக்குமா என்பது வேறு விஷயம். இந்நிலையில் மார்கனும் துணை விமானி ஜிம் வெரினிஸும் 'லேடி ஃபார் எ நைட்' என்ற திரைப்படத்தைப் பார்த்தார்கள். ஜோன் ப்ளாண்டலும் ஜான் வேய்னும் நடித்து 1942 தொடக்கத்தில் வெளியான படம். அதன் நாயகி ஒரு சூதாட்டப் படகின் உரிமையாளர். மிசிசிப்பி ஆற்றில் ஓடும் அந்தப் படகின் பெயர் மெம்பிஸ் பெல். மார்கன் அந்தப் பெயரைத் தன் குழுவிடம் முன்வைத்தார், குழு ஏற்றுக்கொண்டது.

இங்கே 'பெல்' என்பது மணி அல்ல. அழகி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நல்ல குடும்பத்து இளம்பெண்ணைக் குறிக்கும் வழக்குச் சொல்லாக அது நெடுநாள் வேரூன்றியிருந்தது. எனவே பெயரின் உடனடி மூலம் காதலியல்ல, ஒரு திரைப்படப் படகு. காதலி மெம்பிஸ்காரியாக இருந்ததால்தான் அந்தப் படகின் பெயர் மார்கன் காதில் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கின என்று சொல்வதே நியாயம். ஆனால் பத்திரிகைகளுக்கும் போர்க்கடன் பத்திர விற்பனைக்கும் படகு உதவவில்லை, காதலி உதவினாள். ஆகவே படகு கதையிலிருந்து மெல்ல நழுவிப்போனது.

படம் வந்த வழி

பெயர் முடிவானதும் மார்கன் எஸ்குவயர் இதழின் ஓவியர் ஜார்ஜ் பெட்டியைத் தொடர்புகொண்டு, பெயருக்கு ஏற்ற படம் ஒன்று வேண்டுமென்று கேட்டார். (தமிழில் எழுதினால் இவர் பெயர் சாமான் வைக்கும் பெட்டியாகிவிடுகிறது, ஆகவே முழுப் பெயராகவே எழுதுகிறேன்.) வந்த படம் புதிதாக வரைந்ததல்ல. அவ்விதழில் 1941 ஏப்ரலில் ஏற்கெனவே அச்சாகியிருந்த, கையில் தொலைபேசியோடு இருக்கும் ஒரு பெண்ணின் படம்.

இந்தத் தேதி முக்கியமானது. 1941 ஏப்ரலில் அமெரிக்கா போரிலேயே இல்லை. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. 41-24485 என்ற விமானம் அப்போது கட்டப்படவில்லை. எந்தப் போர்வீரனையும் மனதில் வைத்து வரைந்த படமல்ல அது. எஸ்குவயர் 1933 இலையுதிர்காலத்தில், பொருளாதார மந்தம் மிகக் கடுமையாக இருந்த காலத்தில், ஐம்பது சென்ட் என்ற அன்றைக்குக் கூடுதலான விலையில் தொடங்கப்பட்ட ஆண்களுக்கான இதழ். நல்ல கோட்டு, நல்ல மது, நல்ல சிறுகதை என்று வாழ விரும்பியவர்களுக்கானது. ஜார்ஜ் பெட்டி தொடக்க இதழிலிருந்தே அதில் வரைந்தவர். லூயிசியானாவில் பிறந்து, சிகாகோவில் வளர்ந்து, பாரிஸில் ஓவியம் பயின்று, விளம்பரப் படங்களால் பிழைத்தவர். ஏர்பிரஷ் எனும் காற்றுத் தூரிகையால் தோலின் வழவழப்பைக் கொண்டுவருவதில் அவருக்கு இணை அப்போது அதிகம் பேர் இல்லை. தொலைபேசி அவர் பெண்களோடு அடிக்கடி வரும் பொருள். யாரோ ஒரு ஆணோடு அவள் பேசிக்கொண்டிருக்கிறாள், அந்த ஆண் வாசகனாகவும் இருக்கலாம் என்ற குறும்பு அதில் இருந்தது.

அவர் படங்களுக்குப் பெரும்பாலும் மாதிரியாக நின்றவர் அவருடைய மகள் மார்ஜரி. ஆகவே மெம்பிஸ் பெல்லின் மூக்கில் இருப்பது மார்கரெட் போல்க்கின் உருவம் என்று நினைப்பவர்கள் தவறுகிறார்கள். பெயர் ஒருத்தியைச் சுட்டுகிறது, உருவம் வேறொருத்தியிடமிருந்து வந்தது.

மார்கன் படம் கேட்ட 1942இல் ஜார்ஜ் பெட்டி எஸ்குவயரை விட்டு விலகிவிட்டிருந்தார். அவர் இடத்தில், பெரு நாட்டில் பிறந்த ஆல்பர்ட்டோ வார்காஸ் வரைந்துகொண்டிருந்தார். போர்க்காலத்தின் விமான மூக்குகளில் பிற்பாடு வார்காஸின் பெண்கள்தான் பெருகினார்கள். அந்த வகையில் மெம்பிஸ் பெல் சற்றே பழைய பாணியைச் சேர்ந்தது. சமாதான காலத்தின் கடைசி மாதங்களில் வெளிவந்த ஒரு படம் கிழிபடாமல் போருக்குள் வந்துவிட்டது என்று இதைப் பார்க்கிறேன்.

இதே படங்களைப் பற்றி அரசுக்குள்ளேயே இரு கருத்துகள் இருந்தன என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1943இல் அமெரிக்கத் தபால் துறைத் தலைவர், எஸ்குவயரின் உள்ளடக்கம் பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று கூறி, அதற்கிருந்த சலுகைத் தபால் கட்டணத்தை ரத்துசெய்ய உத்தரவிட்டார். அவர் சுட்டிக்காட்டியவற்றில் இந்தப் பெண் படங்களும் அடக்கம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1946இல் இதழுக்குச் சாதகமாக முடிந்தது. தபால் பையில் செல்லத் தகாத படம் என்று ஒரு துறை வாதாடிக்கொண்டிருந்த அதே மாதங்களில், அரசின் இன்னொரு துறைக்குச் சொந்தமான விமானங்கள் அதே படங்களை ஐரோப்பா முழுவதும் சுமந்து சென்றன. 1944 ஆகஸ்டில் ராணுவ வான்படை ஒரு விதிமுறை வெளியிட்டு, படையினரின் மனவுறுதியை வளர்க்கும் வழக்கமாக இத்தகைய அலங்காரத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பு இருந்ததெல்லாம் தளபதிகளின் கண்டும் காணாமையும்தான்.

அந்தக் கண்டும் காணாமைக்கு ஒரு முறை விலை கொடுக்கவும் நேர்ந்தது. 1943 இறுதியில் ஜெர்மனியில் பிடிபட்ட ஒரு பி-17 வீரரின் தோல் சட்டை முதுகில் அவர் விமானத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தது: 'மர்டர் இங்க்', அதாவது கொலைக் கம்பெனி. ஜெர்மானியப் பிரசாரத் துறைக்கு இதைவிட நல்ல பரிசு கிடைத்திருக்காது. அவருடைய படத்தைப் பத்திரிகைகளில் பரப்பி, அமெரிக்க விமானிகள் தங்களைத் தாங்களே கொலைகாரர்கள் என்று அழைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார்கள். நீச்சலுடைப் பெண் எவ்வளவு தீங்கற்றவள் என்பது மேலதிகாரிகளுக்கு அப்போது புரிந்திருக்கும்.

கை வந்த வழி

எஸ்குவயரின் பக்கத்திலிருந்து படத்தை விமானத்துக்கு மாற்றியவர் டோனி ஸ்டார்சர் என்ற கார்ப்பரல். பாசிங்போர்னில் 91ஆவது பிரிவின் விமானங்களுக்குப் படம் தீட்டியவர் இவர். நூறுக்கும் மேற்பட்ட முகப்பு ஓவியங்கள் இவர் கைவண்ணம் என்று கணக்கிடுகிறார்கள். பறந்தவர்களின் பெயர்கள் விமானத்தின் ஜன்னல்களுக்குக் கீழே எழுதப்பட்டன. தீட்டியவரின் பெயர் நெடுநாள் வரை ஆர்வலர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

காற்றுத் தூரிகையால் காகிதத்தில் எழுதிய படம் விமானத் தகட்டுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதை நிதானித்துப் பார்க்க வேண்டும். ஜார்ஜ் பெட்டியின் படத்தில் நிழலும் ஒளியும் எல்லை தெரியாமல் ஒன்றில் ஒன்று கரையும். பி-17இன் மூக்கோ தட்டையான பலகையல்ல. இரு திசைகளிலும் வளைந்தது, தகடுகளின் இணைப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது, ரிவெட்டுகளின் தலைகள் வரிசையாக நிற்பது. அதன் மேல் மந்தமான ஆலிவ் பச்சை அடிக்கப்பட்டிருந்தது. சாதாரணத் தூரிகையால் அங்கே தீட்டுபவர் நிழலைக் கரைக்க முடியாது. அழுத்தமான வெளிக்கோட்டையும் தட்டையான நிறப்பரப்பையும்தான் நம்ப முடியும். நூறடி தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்பதும் ஒரு தேவை. எனவே மூலத்தில் இல்லாத ஒரு கட்டுமானம் பிரதியில் நுழைகிறது. ஊர்களில் சினிமா பேனர் எழுதியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: ஸ்டில்லில் உள்ள முகத்தை இருபதடிக்குப் பெருக்கும்போது எழுதுபவரின் கை தன் விதிகளைத் தானே கொண்டுவந்துவிடும்.

இரு பக்கங்களிலும் உடையின் நிறம் வேறுபடுவதை இந்தக் கோணத்திலிருந்தே நான் புரிந்துகொள்கிறேன். இதழில் இருந்தது ஒரு படம். அதில் இரு நிற உடைக்கு இடமில்லை. ஒன்றை நீலமாகவும் மற்றதைச் சிவப்பாகவும் ஆக்கிய முடிவு மூலத்திலிருந்து வந்திருக்க முடியாது. அது விமானத்தின் அருகில் எடுக்கப்பட்ட முடிவு. ஒரு தாளில் இருந்த பெண் ஒரு பொருளின் இரு பக்கங்களுக்கு உரியவளாக மாறியது அந்த இடத்தில்தான்.

ஸ்டார்சரின் இன்னொரு புகழ்பெற்ற ஓவியம் இதே வழிமுறையை உறுதிப்படுத்துகிறது. 91ஆவது பிரிவின் 'ஷூ ஷூ பேபி' என்ற பி-17ஜி விமானம் தன் பெயரை அன்று வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு பாடலிலிருந்து பெற்றது. படம் எஸ்குவயரில் வந்த வார்காஸின் பெண்ணொருத்தியைத் தழுவியது. ஒன்றில் திரைப்படமும் இதழும், மற்றதில் பாடலும் இதழும். அதாவது தளத்துக்கு அஞ்சலிலும் வானொலியிலும் திரையிலும் வந்து சேர்ந்த வெகுஜனப் பொருட்களைக் கத்தரித்து ஒட்டித்தான் இந்தக் கலை நடந்திருக்கிறது. கூடாரத்தில் உட்கார்ந்து கற்பனையில் உருவாக்கியவர்களும் இருந்தார்கள். எண்ணிக்கையில் அவர்கள் குறைவு என்பது என் கணிப்பு.

அதற்கும் முன்னே

விமானத்தில் படம் தீட்டும் வழக்கமே எங்கே தொடங்கியது என்று கேட்டால், 1913இல் ஓர் இத்தாலியப் பறக்கும் படகில் (நீரில் இறங்கும் விமானம்) தீட்டிய கடல் பூதத்தை முதல் உதாரணமாகச் சொல்வார்கள். முதல் உலகப் போரில் வழக்கம் பரவியது. ஆனால் அப்போது தீட்டப்பட்டவை பெரும்பாலும் அடையாளச் சின்னங்கள். இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ பராக்காவின் விமானத்தில் இருந்த துள்ளும் குதிரை அத்தகையது. அவர் 1918 ஜூனில் இறந்த பிறகு, 1923இல் அவர் தாயார் அச்சின்னத்தை என்சோ ஃபெராரிக்குப் பரிந்துரைத்தார். இன்று அது கார்களில் ஓடுகிறது. விமான வீரர் ரிக்கன்பேக்கர் பறந்த அமெரிக்க 94ஆவது ஸ்குவாட்ரன் வளையத்துக்குள் வீசிய தொப்பியைச் சின்னமாகக் கொண்டது. பிரான்சுக்காகப் போரிட்ட அமெரிக்கத் தன்னார்வலர்களின் லஃபாயெத் பிரிவில் இருந்த பூர்வகுடித் தலையின் முதல் வடிவம் சேவேஜ் நிறுவனத்தின் தோட்டாப் பெட்டியில் இருந்த வணிகச் சின்னத்திலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அப்படியானால் அச்சிட்ட பொருளிலிருந்து விமானத்துக்குத் தாவும் பழக்கம், எஸ்குவயரின் பெண்கள் விமான மூக்குகளுக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டு மூத்தது.

சுறா வாயின் பயணமும் இதையே காட்டுகிறது. 1940இல் ஜெர்மனியின் இசட்ஜி 76 பிரிவு தன் மெசர்ஷ்மிட் 110 விமானங்களில் சுறா வாயைத் தீட்டியிருந்தது. 1941இல் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டனின் 112ஆவது ஸ்குவாட்ரன் அதைத் தன் டோமஹாக் விமானங்களுக்கு எடுத்துக்கொண்டது; டோமஹாக்கின் தாடையில் இருந்த காற்று நுழைவாய் அதற்கென்றே செய்தது போல அமைந்திருந்தது. அந்த விமானங்களின் புகைப்படம் இதழ் ஒன்றில் வெளிவர, பர்மாவின் டவுங்கூவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த அமெரிக்கத் தன்னார்வலர்கள் அதைப் பார்த்துத் தங்கள் விமானங்களில் தீட்டினார்கள். உலகம் அதைப் பறக்கும் புலிகளின் சின்னமாகவே இன்றும் நினைக்கிறது. இவையெல்லாம் போர் விமானங்கள், குண்டுவீச்சு விமானங்கள் அல்ல. ஆனாலும் படம் நகரும் விதம் ஒன்றுதான். வரைந்தவர் யார் என்பதைவிட, கடைசியாகப் புகழ்பெற்றவர் யார் என்பதையே நினைவு பிடித்துக்கொள்கிறது.

அப்படியென்றால் குண்டுவீச்சு விமானங்களில் மட்டும் சின்னம் ஏன் ஆளுயரப் படமாக வளர்ந்தது? இடம் இருந்தது என்பது முதல் பதில். ஒற்றை எஞ்சின் போர் விமானத்தின் மூக்கில் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. அதன் மூடியை அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டும். நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் எஞ்சின்கள் இறக்கைகளில் இருப்பதால் மூக்கின் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. செங்குத்தான பக்கங்கள் கொண்ட பி-24இல் இடம் இன்னும் தாராளம். பசிபிக்கில் பறந்த 'டிராகன் அண்ட் ஹிஸ் டெயில்' என்ற பி-24இல், மூக்கில் தொடங்கிய டிராகனின் உடல் விமானத்தின் நீளம் முழுவதும் ஓடியது.

இரண்டாவது பதில் கணக்கைச் சார்ந்தது. ஒரு விமானம், 10 பேர், 25 தாக்குதல் பயணங்கள் முடித்தால் தாயகம் திரும்பலாம் என்பது அன்றைய விதி. 1942 இறுதியிலும் 1943 முற்பகுதியிலும் அந்த 25ஐ முடிப்பவர்கள் குறைவாகவே இருந்தார்கள். 91ஆவது பிரிவு போர் முடிவதற்குள் 197 விமானங்களை இழந்தது. பிரிட்டனிலிருந்து இயங்கிய அமெரிக்க எட்டாம் வான்படையின் கனரகக் குண்டுவீச்சுப் பிரிவுகளுள் இதுவே மிக அதிகம். வரிசை எண்ணோடு மட்டும் ஒரு விமானத்தில் ஏறுவதற்கு அவர்கள் மனம் ஒப்பவில்லை.

ஏன் இந்தப் படம் மட்டும்

மெம்பிஸ் பெல் தன் முதல் தாக்குதலை 1942 நவம்பர் 7இல் பிரான்சின் பிரெஸ்ட் மீது நடத்தியது. மார்கன் குழு 1943 மே 17இல் லோரியான் தாக்குதலோடு தன் 25ஐ முடித்தது. முதன்முதலில் 25ஐ முடித்தது இதுவே என்று பலகாலம் எழுதப்பட்டுவந்தாலும், 303ஆவது பிரிவின் 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' நான்கு நாட்கள் முன்பே, மே 13இல் அதைச் செய்துவிட்டது. அதற்கும் முன்பே 25ஐத் தாண்டிய 'ஹாட் ஸ்டஃப்' என்ற பி-24, தாயகம் திரும்பும் வழியில் மே 3இல் ஐஸ்லாந்தில் மோதி, லெப்டினன்ட் ஜெனரல் ஃபிராங்க் ஆண்ட்ரூஸ் உட்படப் பலரைப் பலிகொண்டு அழிந்தது.

மெம்பிஸ் பெல்லுக்குச் சாதகமாக இருந்தது ஒரு கேமரா. இயக்குநர் வில்லியம் வைலர் ராணுவத்துக்காக 16 மில்லிமீட்டர் வண்ணச் சுருளில் இவ்விமானத்தைப் படமாக்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்களில் ஒருவர் அந்தப் பணியிலேயே உயிரிழந்தார். 1944இல் ஆவணப்படம் திரையரங்குகளுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1943 ஜூனில், விமானமும் குழுவும் அமெரிக்கா திரும்பி, ஊர் ஊராகப் பறந்து போர்க்கடன் பத்திரங்களை விற்கத் தொடங்கிவிட்டன. மெம்பிஸில் மார்கரெட் போல்க் விமானத்தை எதிர்கொண்டார். புகைப்படக்காரர்கள் காத்திருந்த காட்சி அதுதான். காதல் அவ்வளவு நாள் தாங்கவில்லை. சுற்றுப்பயணக் காலத்திலேயே நிச்சயம் முறிந்தது. மார்கன் பிறகு பி-29 ரகக் குண்டுவீச்சு விமானத்துக்கு மாறி, 1944 நவம்பர் 24இல் பசிபிக் தீவான சைபானிலிருந்து டோக்கியோ மீது நடந்த முதல் பி-29 தாக்குதலுக்கு முன்னணி விமானத்தைச் செலுத்தினார். அந்த விமானத்தின் பெயர் 'டான்ட்லஸ் டாட்டி'. டாரதி என்பது அப்போது அவர் மனைவியின் பெயர்.

மூலத்தைத் தேடுபவருக்கு இந்தப் புகழ் உதவியும் இடைஞ்சலும் ஆகிறது. வைலரின் வண்ணச் சுருள்கள் 1943இல் படம் எப்படியிருந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி. மறுபுறம், இந்தப் படத்தின் பிரதிகள் எண்ணற்றவை. 1990இல் வந்த கதைத் திரைப்படத்துக்காக வேறு பி-17களுக்கு மெம்பிஸ் பெல் வேடம் போடப்பட்டது. அவற்றில் ஒன்று பல ஆண்டுகள் அதே வேடத்தில் கண்காட்சிகளில் பறந்தது. அசல் விமானத்தைப் பார்த்துவிட்டதாக நினைத்தவர்கள் பார்த்தது பெரும்பாலும் அதையே. ஒரு புகைப்படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதில் இருப்பது எந்த வரிசை எண் என்பதுதான்.

அசல் விமானத்தின் கதையும் எளிதானதல்ல. போர் முடிந்ததும் அது ஓக்லஹோமாவின் ஆல்டஸில், உடைக்கப்படக் காத்திருந்த விமானங்களோடு நின்றது. 1946இல் மெம்பிஸ் நகரம் 350 டாலர் கொடுத்து அதை வாங்கியது. பிறகு பல பத்தாண்டுகள் திறந்தவெளியில் வெயிலிலும் மழையிலும் நின்றது. நினைவுப் பொருள் தேடியவர்கள் உள்ளிருந்த கருவிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 1987இல் ஆற்றுத் தீவு ஒன்றில் கூரையின் கீழ் வந்து, 2005இல் டேட்டன் சென்று, 55,000 மணி நேரத்துக்கு மேற்பட்ட சீரமைப்புக்குப் பின், குழு தன் 25ஐ முடித்து 75 ஆண்டுகள் நிறைந்த 2018 மே 17 அன்று திறந்துவைக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் மேலே வண்ணத்தின் மீது வண்ணம் ஏறியிருந்தது. இன்று காண்பது சான்றுகளைக் கொண்டு மீட்டெடுத்த தோற்றம். இது குறையல்ல, ஆனால் எழுதுபவர்கள் சொல்லிவிட வேண்டிய ஒன்று.

அசல் வண்ணத்தோடே தப்பியவை வேறு வழியில் தப்பின. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ராக்ளிஃப் என்ற இடத்தில் ஹாலிஃபாக்ஸ் ரகக் குண்டுவீச்சு விமானங்கள் உடைக்கப்பட்டபோது, கனடிய வான்படையின் ஹரால்ட் லிண்ட்சே என்ற அதிகாரி ஓவியம் தீட்டிய தகடுகளில் சிலவற்றைத் தேர்ந்து தாயகம் அனுப்பிவைத்தார். 14 தகடுகள் இன்று ஒட்டாவாவின் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆர்கன்சாவின் வால்நட் ரிட்ஜில் விமானங்களை உருக்கிய நிறுவனத்தின் மேலாளர் மைனாட் பிராட், உலைக்குப் போகும் முன் படம் இருந்த பகுதிகளைக் கோடாரியால் வெட்டி எடுக்கச் செய்தார். அவற்றில் 33 தப்பின. அவற்றின் ஓரங்கள் இன்றும் கோணல்மாணலாக, வெட்டுப்பட்ட தகரமாகவே இருக்கின்றன. அங்கே தூரிகையின் தடத்தைப் பார்க்கலாம். ஆனால் வெட்டியதும் விமானம் போய்விட்டது.

மெம்பிஸ் பெல்லில் நிலைமை தலைகீழ். விமானம் முழுதாக இருக்கிறது, வண்ணம் புதியது. இருந்தாலும் சீரமைப்பின்போது பழைய வண்ணத்தை அகற்றியவர்களுக்கு எதிர்பாராத ஒன்று கிடைத்தது. அலுமினியத் தகட்டிலேயே நூற்றுக்கணக்கான பெயர்களும் குறிப்புகளும் கீறப்பட்டிருந்தன. 1943இன் சுற்றுப்பயணத்தில் விமானத்தைப் பார்க்க வந்த பொதுமக்கள், அனுமதியோடு கீறியவை அவை.